குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது யார் பேச்சைக் கேட்பது?

குழந்தை பிறந்த வீட்டில் அறிவுரையைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே கதவைத் தட்டிக்கொண்டு வரும். மூத்தவன் பிறந்த முதல் மாதத்தில் அம்மா ஒன்று சொன்னார், மாமியார் வேறொன்று சொன்னார், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை தனி. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அக்கறையோடு சொன்னார்கள் என்பதால் ஒரு விஷயம் சரியாகிவிடாது. வயதானவர்கள் சொன்னார்கள் என்பதாலேயே தப்பாகவும் ஆகிவிடாது.

இரண்டு பிள்ளைகளை வளர்த்ததில் எனக்கென்று ஒரு சோதனை பிடிபட்டது. ஒருவர் ஒரு யோசனை சொல்கிறார் என்றால், அது எதுவரைக்கும் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாரா? எந்த வயதுக்கு, எவ்வளவு எடைக்கு, எத்தனை நாள் வரைக்கும், எந்த அறிகுறி தெரிந்தால் இதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? இதையெல்லாம் சொல்கிறவர் பேச்சை நான் காது கொடுத்துக் கேட்பேன். "எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லது, பக்க விளைவே கிடையாது" என்று ஆரம்பிக்கிற வீடியோவை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். பக்க விளைவே இல்லாத ஒன்றுக்குப் பெரும்பாலும் விளைவும் இருக்காது.

காய்ச்சலில் இருந்து தொடங்குகிறேன். நான் அதிகம் பதறியதும் அதிகம் கற்றதும் அதில்தான்.

மூத்தவனுக்கு ஒன்றரை வயதில் நல்ல காய்ச்சல். தெர்மாமீட்டரை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 101, 101.6, 102. ஏற ஏற எனக்குப் படபடப்பு. மருத்துவரிடம் போனதும் இந்த எண்களைத்தான் வரிசையாக ஒப்பித்தேன். அவர் பையனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்பரைக் கொஞ்சம் விடுங்கம்மா, குழந்தையைப் பாருங்க. தண்ணி குடிக்கிறானா? ஒண்ணுக்குப் போறானா? காய்ச்சல் கொஞ்சம் இறங்கினப்போ விளையாடினானா?" மூன்றுக்கும் ஆமாம் என்றேன். "அப்போ பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். காய்ச்சல் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு தானே ஏற்றிக்கொள்ளும் சூடு. மருந்து கொடுப்பது குழந்தையின் அசௌகரியத்தைக் குறைக்க. எண்ணை 98.6-க்கு இறக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 103 அடிக்கும்போதும் பொம்மையைத் தேடுகிற குழந்தையைவிட, 100-லேயே துவண்டு கிடந்து பால் குடிக்காத குழந்தைதான் கவலைக்குரியது.

சரி, இந்த அறிவுரையின் எல்லை எங்கே? அதையும் அவரே சொன்னார். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு இந்தப் பேச்சே செல்லாது. அந்த வயதில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி. ரத்தத்திலோ மூளை உறையிலோ கிருமி பரவியிருந்தால்கூட அவ்வளவு சின்னக் குழந்தையிடம் வெளியே தெரிவது அந்தச் சூடு மட்டுமாக இருக்கலாம். "நம்பரை விடுங்க" என்பதும் "நம்பர்தான் எல்லாம்" என்பதும் இரண்டும் சரி, வயது மட்டும் வேறு. வாட்ஸ்அப்பில் வரும்போது இந்த வயதுதான் முதலில் காணாமல் போகும்.

பாராசிட்டமால் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு சமயம் எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று பாராசிட்டமால் பாட்டில்கள் இருந்தன. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பொடி எழுத்தைப் படித்தேன். ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி. அடுத்ததில் 5 மி.லி.க்கு 250 மி.கி. மூன்றாவது பச்சிளங்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, அதில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. குழந்தைக்குக் கணக்கு எடையை வைத்துத்தான்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. என்று வைத்துக்கொண்டால், முதல் பாட்டிலில் 6.25 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. "எங்க பிள்ளைக்கு 5 மி.லி. கொடுத்தோம், நல்லா கேட்டுச்சு" என்று யாராவது சொன்னால், எந்த பாட்டிலில்? சொட்டு மருந்தில் 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. ஆகிவிடும், பத்துக் கிலோ குழந்தைக்கு அது மூன்று மடங்குக்கும் மேல். கூடுதலாகப் போனால் பாராசிட்டமால் கல்லீரலைத்தான் பதம் பார்க்கும். அதனால் இப்போது மி.லி. கணக்கில் யார் எது சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை மி.கி. என்பதுதான்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சமையலறைக் கரண்டியால் அளக்கக் கூடாது, ஒரு கரண்டி போல இன்னொன்று இருக்காது. ஊசி இல்லாத சிரிஞ்சு மருந்துக் கடையிலேயே கிடைக்கும், அதுதான் துல்லியம். சளிக்கென்று தருகிற சில சிரப்புகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவு போய்விடும். எங்கள் வீட்டில் இரவு நானும் கணவரும் மாறி மாறி முழித்திருப்போம். யார் எப்போது கொடுத்தோம் என்ற குழப்பம் வராமல் இருக்க, பாட்டிலுக்கு அடியில் ஒரு தாள் வைத்து நேரத்தை எழுதிவிடுவோம். தாளில் எழுதிய பிறகுதான் பாட்டிலின் மூடியைத் திறப்பது.

இபுப்ரோஃபென் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்து, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். வாந்திபேதியில் நீர் வற்றிக் கிடக்கும் குழந்தைக்கும், டெங்கு சந்தேகம் இருக்கும்போதும் வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரினைக் காய்ச்சலுக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ரேய் நோய் என்று மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஒரு அரிய பாதிப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

இளையவளுக்கு ஒரு முறை காய்ச்சலில் வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. மாமியார் "நாக்கைக் கடிச்சிடப் போறா, கரண்டியைக் கொண்டா" என்று பதறினார். கணவர் "வாயில எதுவும் வைக்கக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார், பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தள்ளினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அந்தக் கடிகாரத்தைப் பார்த்தது மட்டும் அப்போது புரியவே இல்லை. பிறகுதான் சொன்னார்: வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ், அதற்குள் நின்றுவிட்டால் மெதுவாக மருத்துவரிடம் கொண்டுபோகலாம். அவளுக்கு அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும் என்பதால் கடிகாரம் கட்டாயம் வேண்டும்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இப்படி வரும் என்றும், பெரும்பாலும் எந்தப் பின்விளைவும் இல்லாமல் போய்விடும் என்றும் மருத்துவர் விளக்கினார். காய்ச்சல் மருந்தை முந்திக் கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாமா என்று கேட்டேன். தடுக்க முடியாது என்று ஆய்வுகள் சொல்கின்றன என்றார். எனக்கு அது பெரிய ஆறுதல். ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து மருந்து கொடுக்க வேண்டியதில்லை. முதல் முறை வலிப்பு வந்தால் சீக்கிரமே நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்து விறைப்பாக இருந்தாலோ, வலிப்பு நின்ற பிறகும் தெளியாமல் கிடந்தாலோ அவசரப் பிரிவுக்குத்தான்.

இனி எங்கள் வீட்டில் நீண்ட நாள் நடந்த ஒரு வாக்குவாதத்துக்கு வருகிறேன். "உன் வீட்டுக்காரனை நான் குப்புறப் போட்டுத்தான் தூங்க வச்சேன். அப்போ டாக்டரே அப்படித்தான் சொன்னாங்க. இப்போ மல்லாக்கப் போடச் சொல்றாங்க. நாளைக்கு வேற சொல்வாங்க. எதை நம்புறது?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சொன்னது பொய்யும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்ன மருத்துவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வாந்தி எடுத்தால் புரையேறாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அது மாறியதற்குக் காரணம் ஃபேஷன் இல்லை. தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோன சிசுக்களைப் பற்றிய ஆய்வுகள், குப்புறப் படுத்தவர்களிடம் அது பல மடங்கு அதிகம் என்று காட்டின. பிரிட்டனில் 1991-ல் மல்லாந்து படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1992-ல் அதே பரிந்துரையைத் தந்தது. அதன் பிறகு அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே வந்தன. 2005-ல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு இன்னொரு விஷயத்தையும் சொன்னது: 1970 வரை தனித்தனியாகக் கிடந்த ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்திருந்தால் அப்போதே இந்த ஆபத்து தெரிந்திருக்கும். படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. மாமியாருக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்போ சரி" என்றார். அவரை மாற்றியது என் வாதத் திறமை இல்லை, காரணம் தெரிந்ததுதான்.

தூக்கத்துக்கான மற்ற விஷயங்களும் எளிமையானவை: கெட்டியான, சமமான படுக்கை. ஒரு வயது வரை தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் படுக்கையில் வேண்டாம். உங்கள் அறையில்தான், ஆனால் தனிப் படுக்கையில். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண் அயர்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குழந்தை தானாகவே இரண்டு பக்கமும் புரளக் கற்றுவிட்டால், மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, அது புரண்டுகொண்டால் விட்டுவிடலாம்.

பரிந்துரைகள் மாறுவது நம்பிக்கையைக் குறைக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறு. விஷத்தைக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்க வைக்க, இபிகாக் சிரப்பை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி ஒரு காலத்தில் சொன்ன அதே அமெரிக்க அகாடமி, 2003-ல் அதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டது. வேர்க்கடலையும் அப்படித்தான். ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயது வரை தராதீர்கள் என்று 2000-ல் சொன்னார்கள், 2008-ல் அதை விலக்கிக்கொண்டார்கள். லண்டனில் நடந்த ஒரு சோதனையின் 2015-ல் வெளிவந்த முடிவு, அந்தக் குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலையைப் பழக்கினால் ஒவ்வாமை எண்பது விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. எச்சரிக்கைக்காகச் சொன்னதே எதிராகப் போயிருக்கிறது. (கரப்பான் போலக் கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருக்கும் குழந்தைக்கு மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தாருங்கள். யாருக்கானாலும் மாவாகவோ விழுதாகவோதான், முழுக் கடலை கூடாது.) தப்பு என்று தெரிந்ததும் தேதி போட்டு மாற்றிக்கொள்கிறவர்களை நம்பலாம். இருபது வருடமாக ஒரு எழுத்துகூட மாறாத குறிப்புதான் எனக்குச் சந்தேகம் தரும்.

பெரிய பத்திரிகையில் வந்தது என்பது மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில்தான் வந்தது. அதில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். 2010-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் அதே ஆண்டு ரத்தானது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு குழந்தைகளின் கதைதான் இன்னமும் ஃபார்வர்டு ஆகிறது. ஒற்றை ஆய்வைக் காட்டி யாராவது மிரட்டினால், இதே கேள்வியை வேறு யார் யார் ஆராய்ந்தார்கள் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ஒரு நாட்டின் குழந்தை மருத்துவர் சங்கம் போன்றவர்கள் செய்வது பெரும்பாலும் இந்தக் கூட்டிப் பார்க்கும் வேலைதான். அதனால்தான் அவர்கள் சொல்வதில் இருந்து நான் தொடங்குகிறேன்.

வாந்திபேதிக்கு வருவோம். ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றி நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு பிரமிப்பு. 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுக்க முடிவு செய்தார். கொடுத்தவர்களில் பலர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். இறப்பு விகிதம் முப்பது விழுக்காடு அளவிலிருந்து நான்குக்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொள்ளும், அதன் பின்னால் தண்ணீர் போகும். இரண்டும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இந்த நான்கும்தான். பெயரிலும் அட்டையிலும் ஓ.ஆர்.எஸ். போலவே தோன்றுகிற இனிப்புப் பானங்கள் உண்டு. அவற்றில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. பேதியை அது இன்னும் அதிகமாக்கும். இன்னொரு விஷயம், சில பாக்கெட்டுகள் ஒரு லிட்டருக்கானவை, சில 200 மி.லி.க்கானவை. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு தாறுமாறாக ஏறிவிடும். பாதி பாக்கெட்டைப் போட்டு மீதியை மடித்து வைக்கிற வேலையும் வேண்டாம், சமமாகப் பிரிந்ததா என்று யாருக்குத் தெரியும்? முழுப் பாக்கெட்டை முழு அளவுத் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

குடிக்க வைப்பதில்தான் பொறுமை வேண்டும். இளையவள் டம்ளரோடு குடித்த மறுநொடியே வாந்தி எடுத்துவிடுவாள். பத்து நிமிடம் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு சின்னக் கரண்டி என்று கொடுத்தால் தங்கியது. கை வலிக்கும், ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் நிறைய உள்ளே போயிருக்கும். பாலும் சாப்பாடும் நிறுத்தக் கூடாது. துத்தநாக (ஜிங்க்) மருந்தை 10 முதல் 14 நாள் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேதி இரண்டு நாளில் நின்றதும் இதை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பேதியைச் சட்டென்று கட்டும் பெரியவர்கள் மாத்திரையைக் குழந்தைக்குத் தரவே கூடாது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், வெகு நேரம் சிறுநீர் போகாமல், தூங்கி வழிந்தால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் அப்படியே.

இருமலுக்கு ஒரே ஒரு திறமையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றால் மூச்சு எண்ணுவதைச் சொல்வேன். குழந்தை தூங்கும்போது அல்லது அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் சரிப்படாது, சின்னக் குழந்தைகளின் மூச்சு விட்டு விட்டு வேகம் மாறும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் என்றால் வேகமூச்சு, அன்றே காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால் இரவானாலும் கிளம்ப வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை எண்ணிப் பழகிவிடுங்கள், குழந்தையின் வழக்கமான வேகம் தெரிந்திருக்கும்.

இருமல், சளி சிரப்புகளால் சின்னக் குழந்தைகளுக்குப் பலன் இருப்பதாக நல்ல ஆதாரம் இல்லை, கெடுதல் உண்டு. மருத்துவர் எழுதாமல் கடையில் கேட்டு வாங்குவதை நாங்கள் நிறுத்தி வெகு நாளாகிறது. ஒரு வயது தாண்டியவர்களுக்கு ஒரு சின்னக் கரண்டி தேன் இரவு இருமலைக் கொஞ்சம் தணிக்கும். அதே தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நச்சைக் கக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நாக்கில் ஒரு துளி தடவுவதும் கொடுத்த கணக்குதான்.

எந்த நோயானாலும் இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொதுவான அபாய அறிகுறிகள் நான்கு: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, எது கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் அல்லது சோர்வு. எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இவை பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கின்றன. கண்ணாடி போடாமலே மாமியாரால் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக.

வீட்டுப் பாதுகாப்பில் பெரும்பாலானவை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாளியில் தண்ணீர் வைக்காதீர்கள், குழந்தை மூழ்கச் சில அங்குல ஆழமே போதும், சத்தமும் வராது. மண்ணெண்ணெயையோ கிளீனிங் திரவத்தையோ குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சூடு பட்டால் ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம், ஐஸும் பற்பசையும் வேண்டாம். ஆனால் பட்டன் பேட்டரியைப் பற்றி மட்டும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் சும்மா முட்டி போட்டு வீடு முழுக்கத் தேடினேன். ரிமோட், எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் செருப்பு, ஏன், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்குள்ளும் பட்டன் பேட்டரி. ரிமோட்டின் மூடி நகத்தால் தள்ளினாலே திறந்தது. 20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் பட்டு மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும். குழந்தைக்கு வெறும் இருமலும் எச்சில் வடிவதுமாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சின்னக் கரண்டி தேன் தரலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக் கிளம்பத் தாமதிக்கக் கூடாது. ஸ்க்ரூ வைத்து மூடாத கருவிகளை நாங்கள் அன்றே உயரத்துக்கு ஏற்றிவிட்டோம்.

தொண்டையில் ஏதாவது சிக்கினால் செய்ய வேண்டியதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். முதலுதவி வகுப்பில் பொம்மையைக் கையில் கொடுத்தபோது நிலவரம் வேறு. குழந்தையைத் தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு. சொல்லிக்கொடுத்த அம்மா, "இது தட்டிக்கொடுக்கிறது இல்லைங்க, இன்னும் பலமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மல்லாக்கத் திருப்பி, நடு மார்பில் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் மார்பு அழுத்தத்துக்குப் பதிலாக வயிற்று அழுத்தம். குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் எதுவும் செய்யாமல் இரும விட வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. இந்தப் பலம் கைக்குப் பழக வேண்டிய விஷயம், முடிந்தால் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோரும் வகுப்புக்குப் போங்கள்.

கடைசியாக மருத்துவர்களிடம் பேசுவது பற்றி. ஒரு கிளினிக்கில் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதினார்கள். "இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன். "கொடுங்க, சரியாயிடும்" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ், அதன்மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. எழுதியதற்கு நல்ல காரணம் இருந்திருக்கலாம், அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அதற்குப் பிறகு வேறு மருத்துவரிடம் போகத் தொடங்கினோம். இப்போது எங்கு போனாலும் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்: இது என்னவாக இருக்கலாம்? எத்தனை நாளில் குறைய வேண்டும்? எது தெரிந்தால் அதற்கு முன்பே திரும்பி வர வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான பதிலை அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். கூடவே, அன்றைய எடையையும் கேட்டுக் குறித்துக்கொள்வேன், வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டித் தாளில் பழைய எடையை அடித்துவிட்டுப் புதிய எடைக்கான மருந்து அளவை எழுத அது வேண்டும்.